அரைநாள் போதும்

இருந்த இருவரில் ஒருவருக்குத்தான் இனி வேலை. முதலாளி அறைக் கதவை ஒரு கண்ணால் பார்த்தபடியே, சலவைக்கடை மென்பொருளில் ஒரு பொத்தானை நகர்த்திக்கொண்டிருந்தாள் அக்கா. ஆபீசில் அவளுக்கு அதுதான் பெயர். வீட்டில் கணவன் காலில் கட்டோடு கிடந்தான். இந்த வேலை போனால் அடுப்பு எரியாது.

இரண்டு வருடத்துக்கு முன் சலவைக்கடைக்காரருக்கு மூன்றே கடைகள். எந்தத் துணி எந்தக் கடையில் என்று காட்ட வேண்டும், அவ்வளவுதான். அக்கா எல்லாருக்கும் தெரிந்த பழைய கணினி மொழியையே எடுத்தாள். ஒரே சர்வர், ஒரே டேட்டாபேஸ்.

பக்கத்து மேசைப் பையன் சிரித்தான். புதிதாக எது வந்தாலும் தாவுவதால் அவனுக்குப் ‘புதுசு’ என்று பட்டம். "என்னக்கா, கடை நாப்பதாச்சுன்னா தாங்குமா?"

"ஆகட்டும்டா, அப்பப் பாத்துக்கலாம். நாளைக்கு நான் இல்லேன்னாலும் வர்றவங்களுக்குப் புரியணும்." ஒவ்வொரு படியையும் எழுதியும் வைத்தாள்.

கடை நாற்பதாகவே ஆனது. சர்வரை ஒருமுறை பெரிதாக்கினாள். மென்பொருள் அலுங்காமல் ஓடியது. புதுசு செய்ததோ ஒரு பல் டாக்டருக்கு. ஒரே டாக்டர், ஒரே நாற்காலி. அதற்கு ஏழு துண்டு மென்பொருள், நாலு மொழி. மலையைக் கெல்லி எலி பிடித்த கதை. வாரம் தவறாமல் ஒரு துண்டு படுத்துக்கொள்ளும். அவன் வியர்க்க விறுவிறுக்க எழுப்புவான். முதலாளி பின்னால் நின்று தோளைத் தட்டுவார்.

கதவு திறந்தது. முதலாளி அவளை உள்ளே கூப்பிட்டார்.

"உக்காரும்மா. உம்மேல ஒரு குறையும் இல்ல. உன்னோடது தானா ஓடுது. அவனை அனுப்பினா பல் டாக்டர் வேலைய யாரு பாப்பா? எனக்குத் தலையும் புரியல, வாலும் புரியல."

"ஒழுங்கா செஞ்சது தப்பாப் போச்சா சார்?"

அவர் மேசையிலிருந்த பேனாவை எடுத்து மூடினார். "ஒரு வாரம் இருந்து அவனுக்குச் சொல்லிக்குடுத்துட்டுப் போம்மா."

மறுநாள் காலையில் புதுசு அவள் எழுதி வைத்ததைத் திறந்தான். படித்தபடியே நாற்பத்தொன்றாவது கடையைச் சேர்த்தான். முதல் தடவையே சரியாக வந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

கடைசி வரியில், ‘புரியாவிட்டால் என்னைக் கூப்பிடவும்’ என்று அவள் போன் நம்பர் இருந்தது.

அவன் தலைகுனிந்தபடி சொன்னான்: "கேக்கறதுக்கு ஒண்ணுமே இல்லியேக்கா."

திறக்காத சாப்பாட்டு டப்பாவைப் பையில் வைத்துக்கொண்டு அக்கா எழுந்தாள். பல் டாக்டரிடமிருந்து போன் அடித்தது. முதலாளி ஓடி வந்து புதுசுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார்.