தொப்பைச் சைகை

காது கேட்காதவர்களுக்குச் சைகையில் மொழிபெயர்க்கிறவர்களுக்கு அடிப்படை விதி ஒன்று உண்டு. யார் பேசினாலும் அவராகவே மாறிவிட வேண்டும். ‘அவர் இப்படிச் சொல்கிறார்’ என்றெல்லாம் இழுக்கக் கூடாது, ‘நான்’ என்றே சொல்ல வேண்டும். காது கேட்காத அண்ணனோடு வளர்ந்து, பன்னிரண்டு வருடம் அதைப் பிசகாமல் செய்துவந்த தங்கைக்கு, நகரசபைத் தேர்தல் விவாதத்தன்று காலையில் என்ன கேடு வந்ததோ தெரியவில்லை.

நூலக அரங்கின் மேடையில் இரண்டு வேட்பாளர்கள். ஒருவர் ஓய்வுபெற்ற டீச்சர், இன்னொருவர் கான்ட்ராக்டர். டீச்சர் என்றால் தங்கைக்கு உயிர். கான்ட்ராக்டர் என்று சொன்னாலே முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும். காரணம் இல்லாமல் இல்லை. குழாய் பதிக்கிறோம் என்று அவருடைய ஆட்கள் தெருவைத் தோண்டினார்கள், மூடவில்லை. அந்தக் குழியில் இவள் ஸ்கூட்டரோடு விழுந்து ஒன்றரை மாதம் நொண்டினாள்.

முன்வரிசையில் காது கேட்காதவர்கள் பதினோரு பேர். நடுவில் அவளுடைய அண்ணன், பஸ் பணிமனையில் சக்கரம் கழற்றி மாட்டுகிறவர். அந்தப் பணிமனையை ஊருக்கு வெளியே மாற்றுவதா வேண்டாமா என்பதுதான் இந்தத் தேர்தலின் பெரிய சண்டை. யாருக்கு ஓட்டுப் போடுவது என்று முடிவு பண்ணத்தான் அண்ணன் சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையோடு வந்திருந்தார்.

சைகையில் ஒவ்வொரு தடவையும் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. ஆளுக்கொரு அடையாளம் வைத்துக்கொள்வார்கள். டீச்சருக்குக் காதோரம் செருகிய பேனா. கான்ட்ராக்டருக்கு? தங்கை கன்னத்தை உப்பிக்கொண்டு வயிற்றுக்கு முன்னால் கையை வட்டமாகச் சுழற்றினாள். வரிசையே குலுங்கியது. இவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அப்புறம் கேட்க வேண்டுமா? டீச்சர் பேசியது ஒரு சொல் விடாமல் வந்தது. கான்ட்ராக்டர் ஐந்து நிமிடம் பேசியதைக் கொட்டாவி விடுகிற முகத்தோடு நாலே சைகையில் முடித்தாள். பாவம் மனுஷன், தன் பேச்சை ரசித்துத்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்து அந்த வரிசையைப் பார்த்துக் கையசைத்தார்.

இடைவேளையில் அண்ணன் வந்தார். அவர் முகத்தில் சிரிப்பில்லை. பணிமனை பற்றிக் கான்ட்ராக்டர் என்ன சொன்னார் என்று கேட்டார். வழக்கமான உளறல்தான், விடு என்று கையை உதறினாள் தங்கை. அண்ணனின் விரல்கள் நிதானமாக அசைந்தன.

“சின்ன வயசுல சாப்பிட உட்கார்ந்தா எல்லாரும் எதுக்கோ சிரிப்பாங்க. என்னன்னு கேட்டா அப்பா ஒண்ணுமில்லைம்பார், அம்மா அப்புறம் சொல்றேம்பாங்க. நீ ஒருத்திதான் முழுசா சொல்லுவே, என்னைப் பத்தின கிண்டலா இருந்தாக்கூட. இன்னைக்கு நீயும் ஒண்ணுமில்லைன்னுட்டே.”

சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டார். உளறலா இல்லையா என்று அண்ணனுக்காக முடிவு பண்ண இவள் யார்? குழியில் விழுந்தது இவள் முட்டிதானே, அவருடைய ஓட்டு இல்லையே.

மணி அடித்ததும் மைக்கை வாங்கினாள். வெட்கம் பிடுங்கித் தின்றது.

“முதல் பாதியில ஐயா பேசினதை நான் ஒழுங்கா சொல்லலை. வேணும்னேதான் செஞ்சேன். பணிமனை பத்தி அவர் இன்னொரு தடவை பேசணும்.”

அரங்கு முணுமுணுத்தது. நேரம் பார்த்துக்கொண்டிருந்த நூலகர், அதற்கெல்லாம் ஏது நேரம் என்று இழுத்தார். டீச்சர் குறுக்கிட்டார்.

“என் நேரத்துல எடுத்துக்கட்டும். அவர் சொல்றது தெரியாம எனக்கு ஓட்டுப் போட்டா எனக்கே உறுத்தும்.”

கான்ட்ராக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே எழுந்தார். அதையே அவருக்கு அடையாளமாக வைத்தாள் தங்கை. பணிமனையை மூடப் போவதில்லை, மாற்றத்தான் போகிறோம், தொழிலாளர்களுக்குத் தனி பஸ் உண்டு என்று அவர் சொன்னதெல்லாம் இவள் கையில் ‘நான்’ என்று வந்தது. அவருடைய தயக்கம்கூட வந்தது.

அண்ணன் எழுந்து கான்ட்ராக்டரைப் பார்த்து நின்றார். இப்போது அவருடைய கைகளுக்கு இவள் குரல் கொடுக்க வேண்டும்.

“நான் பணிமனையில பத்தொன்பது வருஷமா வேலை பார்க்கிறேன். கழிவு எண்ணெயெல்லாம் பக்கத்துச் சாக்கடையிலதான் போகுது. டீச்சர் மேல மரியாதை உண்டு. ஆனா நீங்க சொல்றதுதான் எனக்குச் சரின்னு படுது. என் ஓட்டு உங்களுக்குத்தான்.”

தன் வாயாலேயே, டீச்சரை வைத்துக்கொண்டு, மைக்கில். மென்று முழுங்காமல் சொல்லி முடித்தாள். அண்ணன் விடவில்லை.

“ஒரு கேள்வி. நீங்க தோண்டின குழியில என் தங்கச்சி விழுந்துட்டா. அவ சரியான கோபக்காரி. எப்ப மூடுவீங்க?”

கான்ட்ராக்டர் தலையைக் குனிந்துகொண்டார். தப்பு தன்னுடையதுதான், புதன்கிழமைக்குள் மூடிவிடுகிறேன், தங்கையிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லிவிடுங்கள் என்றார். தங்கை அதையும் சைகையில் சொன்னாள். அண்ணன் விரலை நீட்டி அவளையே காட்டினார்.

கான்ட்ராக்டர் விரலையும் பார்த்தார், இவளையும் பார்த்தார்.

“அதான் முதல் பாதியில என்னைப் பழிவாங்கிட்டீங்களாம்மா?”

அரங்கு வெடித்துச் சிரித்தது. டீச்சர்கூடச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முன்வரிசையில் மட்டும் பதினோரு பேரும் திருதிருவென்று விழித்தார்கள். எதுக்குச் சிரிக்கிறாங்க என்று அண்ணனின் கை கேட்டது.

தங்கை ஒரு சொல் விடாமல் சொன்னாள். கான்ட்ராக்டர் கேட்டதைச் சொன்னாள், எல்லாரும் தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்பதையும் சொன்னாள். முன்வரிசை கொஞ்சம் தாமதமாகச் சிரிக்கத் தொடங்கியது. மற்றவர்களெல்லாம் ஓய்ந்த பிறகும் அண்ணன் சிரித்துக்கொண்டிருந்தார்.