ஊட்டுக்கல்

அஸ்தம்பட்டியில் ஓர் அறக்கட்டளை நடத்தும் வாழ்வியல் அருங்காட்சியகத்தில் கலைமணி ஆறு வருடமாகத் தற்காலிக ஊழியர். ஆறு வருடம் தற்காலிகமாகவே இருப்பதற்குத் தனிப் பொறுமை வேண்டும். ராசிபுரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் நின்றபடி வந்துபோகிறவளுக்கு அது தானாக வந்துவிடும். ஊர் ஊராகப் போய்ப் பழம்பொருள் சேகரிப்பதும் ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை எழுதுவதும் அவள் வேலை. புதிய கூடத்தின் திறப்பு விழா மேடையிலேயே நிரந்தரப் பணி ஆணை தருவதாக இயக்குநர் குமரகுரு சொல்லியிருந்தார். அதனால் விழா முடியும்வரை வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்திருந்தாள்.

வாயைத் திறந்து சொல்ல ஒரு விஷயம் இருந்தது. அது அந்தக் கல்லைப் பற்றியது.

குமரகுரு தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். கொங்குநாட்டைக் கொங்குநாட்டுக்காரர்களுக்கே எடுத்துச் சொல்லித் தர வந்த புண்ணியவான். "மக்கள் சொன்னதைச் சொன்னபடியே எழுதணும் கலைமணி, ஓர் எழுத்து மாறக் கூடாது" என்பது அவருடைய ஆய்வுநெறி. கலைமணியும் மாற்றவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் மல்லசமுத்திரத்தில் சின்னாயி என்பவர் ஓட்டு வீட்டை இடித்துவிட்டு மெத்தை வீடு கட்டிக்கொண்டிருந்தார். வீட்டுக்குப் பின்னால், பொடக்காலியில், நடுவில் குழியோடு ஒரு கருங்கல் கிடந்தது.

"இது என்ன கல்லுங்கக்கா?" என்று கலைமணி கேட்டாள்.

"எங்க ஊட்டுக் கல்லு சாமி. வேணும்னா எடுத்துக்கிட்டுப் போ, எடத்த அடைக்குது" என்றார் சின்னாயி.

கலைமணி அட்டையில் 'ஊட்டுக்கல்' என்று எழுதினாள். வீட்டை ஊடு என்றே சொல்லி வளர்ந்தவள். அதற்குப் பக்கத்தில் விளக்கம் எழுத வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

குமரகுருவுக்குத் தோன்றியது. ஊட்டு என்றால் ஊட்டுதல். ஆகவே இது குழந்தைக்கு முதல் சோறு ஊட்டும் சடங்குக் கல். நாற்பத்திரண்டு பக்கத்துக்குக் கட்டுரை எழுதினார். குழி அத்தனை வழவழப்பாக இருப்பதற்குக் காரணம், தலைமுறை தலைமுறையாகத் தாய்மார்கள் அதில் விரலால் சோறு பிசைந்ததுதான் என்று நிறுவினார். அடிக்குறிப்புகள் மட்டும் ஒன்பது பக்கம். கருத்தரங்கம் ஒன்றில் அவர் அதை வாசித்தபோது ஒரு பேராசிரியை கண்கலங்கினாராம்.

கலைமணி ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். "சார், எங்க பக்கம் ஊடுன்னா..."

"உங்க பக்கத்து ஆளுங்களுக்கு உங்க சடங்கே மறந்துபோச்சும்மா. அதான் எனக்கு வருத்தம்" என்று அவளுக்கும் சேர்த்து அவரே வருத்தப்பட்டுக்கொண்டார்.

அதோடு அவள் விட்டுவிட்டாள். கல்லை எடுக்கப் போன அன்று அந்தக் குழியில் பழைய சோறு கிடந்ததையும், அதை ஒரு கறுப்பு நாய் தின்றுகொண்டிருந்ததையும் சொல்லவே இல்லை.

புதிய கூடத்தின் நடுவில் கல்லுக்குப் பட்டு விரித்தார்கள், மேலே விளக்குப் போட்டார்கள். திறப்பு விழாவில், பெங்களூரிலிருந்து வரும் தன் பேத்தி மோனிஷாவுக்கு அந்தக் குழியிலிருந்தே முதல் சோறு ஊட்டிச் சடங்கை மீட்டெடுப்பதாகக் குமரகுரு ஒரு வாரம் முன்பே அறிவித்தார். கலைமணி கேட்டுக்கொண்டாள். கல்லைத்தான் மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவியாயிற்றே, குழந்தைக்கு என்ன ஆகிவிடப் போகிறது என்று நினைத்தாள். அந்த வாரம் முழுக்க அவள் நன்றாகவே தூங்கினாள். இதையும் சொல்லிவிட வேண்டும்.

விழாவன்று சின்னாயிக்கு 'மரபின் காவலர்' என்று பொன்னாடை போர்த்தி முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். எதைக் காத்தோம் என்று தெரியாமல் அவர் எல்லோரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். சோறூட்டச் சிறப்பு விருந்தினர் எழுந்த நேரத்தில் பெங்களூரிலிருந்து போன் வந்தது. மோனிஷாவுக்குக் காய்ச்சல், வரவில்லை.

குமரகுரு கூட்டத்தை ஒரு நோட்டம் விட்டார். கடைசி வரிசையில் கலைமணியின் கணவன் இளஞ்செழியன், மனைவி ஆணை வாங்குவதைப் பார்க்க ஏழு மாதக் குழந்தை யுவஸ்ரீயோடு வந்து உட்கார்ந்திருந்தான்.

"வெளியே எதுக்குத் தேடணும்? நம்ம கலைமணி பொண்ணே இருக்கு" என்றார் மைக்கில்.

கூடம் கைதட்டியது. குழந்தை கைமாறிக் கைமாறி மேடைக்குப் போனது. குழியில் நெய் மிதக்கச் சர்க்கரைப் பொங்கல் வைத்தார்கள். பழுப்பு உறை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு குமரகுரு கலைமணியைப் பார்த்துத் தலையசைத்தார். ஆணை அதில்தான் இருந்தது. இன்னும் ஐந்து நிமிடம் பேசாமல் நின்றால் போதும்.

பக்கத்தில் நின்ற கலைமணியின் முந்தானையைச் சின்னாயி பிடித்து இழுத்தார். "ஏஞ் சாமி, பச்சக் கொழந்தைக்கு அதுல எதுக்குச் சோறு? எங்க கருப்பன் நக்கி நக்கித்தான் அந்தக் குழி அப்படி வழவழன்னு ஆச்சு."

 கலைமணிக்குத் தெரியாததை ஒன்றும் சின்னாயி சொல்லிவிடவில்லை. ஆனால் இப்போது விருந்தினரின் விரல் பொங்கலைத் தொட்டுவிட்டது, யுவஸ்ரீ வாயைத் திறந்துவிட்டாள். கலைமணி ஓடிப்போய்க் குழந்தையைப் பறித்துக்கொண்டாள்.

"வேண்டாமுங்க. இது சடங்குக் கல்லு இல்லீங்க. ஊட்டுக் கல்லுன்னா வீட்டுக் கல்லுங்க. இந்தக்கா ஊட்டுல நாய்க்குச் சோறு வெச்ச கல்லு."

மைக் அணைக்கப்படவில்லை. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அப்புறம் கூடமே சிரித்தது. அங்கே பாதிப் பேர் வீட்டிலிருந்து அல்ல, ஊட்டிலிருந்து வந்தவர்கள். விருந்தினர் மட்டும் விரலை எங்கே துடைப்பது என்று தெரியாமல் நின்றார்.

குமரகுரு அவளைத் திரைக்குப் பின்னால் அழைத்துப் போனார். கத்துவார் என்று நினைத்தாள். கத்தவில்லை.

"இது உனக்கு எப்பத்திலேருந்து தெரியும்?"

"கல்ல எடுத்த அன்னிக்கே தெரியுமுங்க சார்."

"மோனிஷாவுக்கு ஊட்டப் போறோம்னு போன வாரமே சொன்னேனே. அப்பவும் தெரியுமா?"

"தெரியுமுங்க."

"அப்ப ஏம்மா சொல்லலை?"

வேலையைச் சொல்லலாம், பயத்தைச் சொல்லலாம், சொன்னால் நீங்கள் கேட்டீர்களா என்று திருப்பியும் கேட்கலாம். எல்லாம் நியாயமான பதில்கள்தான். குழந்தையின் வாயில் பொங்கல் ஒட்டியிருக்கிறதா என்று விரலால் துழாவிக்கொண்டே நின்றவளுக்கு உண்மைதான் வாயில் வந்தது.

"அப்ப ஊட்டப் போனது உங்க பேத்திக்குத்தானுங்களே சார்."

குமரகுரு உறையை இரண்டாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ஆறு வருடத்தில் முதல்முறையாக அவர் செய்தது சரி என்று கலைமணிக்குப் பட்டது.