முப்பது கம்பம்

மானகிரியைத் தாண்டியதுமே சித்ராவின் முழங்கால் வீங்கிவிட்டது. டெங்குவில் கிடந்த மகன் பிழைத்தால் தைப்பூசத்துக்குக் குன்றக்குடி வரை நடந்தே வருவதாக முருகனிடம் வேண்டியிருந்தாள். வேனில் ஏறினால் நேர்த்திக்கடன் தவறிவிடும்.

கண்மாய்த் திருப்பத்தில், கூடவே வந்த சாமான் வேனை நிறுத்தி இறங்கினான் டிரைவர் சோணைமுத்து. கண்மாய் ததும்பிக் கிடந்தது. அக்கரையில் மலைக்கோயில் பளிச்சென்று தெரிந்தது.

"இந்தா தெரியுதுல்லக்கா, கூப்பிடு தூரந்தேன்."

சித்ரா தன் அண்ணன் மனைவி மாரீஸ்வரியைப் பார்த்தாள். "நெசமா மதினி?"

மாரீஸ்வரி சர்க்கரை நோய்க்காக அமராவதிபுதூர் சாலையில் தினமும் நடப்பவள். முதலில் ஒரு மின்கம்பத்துக்கும் அடுத்ததற்கும் எவ்வளவு தூரம் என்று கைப்பேசியில் பார்த்துக்கொண்டாள். பிறகு அதை வீட்டில் வைத்துவிட்டு, கண்ணாலேயே தூரத்தைக் கம்பக் கணக்கில் அளந்து பழகினாள். எதிரே வருபவரின் முகம் தெரிந்தால் இரண்டு கம்பம். கால் அசைவது தெரியாவிட்டால் பத்துக்கும் மேலே. தண்ணீருக்கு அப்பால் இருப்பது மட்டும் எப்போதும் கிட்டத்தில் இருப்பதாக ஏமாற்றும்.

அக்கரையில் காவடிகள் தெரிந்தன. சுமப்பவர்களின் கால்கள் தெரியவில்லை. சாலையோ கரையைச் சுற்றி வளைந்து போனது.

"அடிவாரத்துக்கு முப்பது கம்பம் இருக்கும்," என்றாள்.

சித்ராவின் முகம் வாடியது.

"ஏங்க்கா, ஆறுதலா ஒரு வார்த்த சொன்னா கொறஞ்சா போயிருவீக?" என்றான் சோணைமுத்து.

"கிட்டத்துலன்னு நம்பி எட்டி நடப்பா. பாதியில கால் விட்டுரும். ஆறுதல் சொல்ற நீ, வேன்ல இருக்குற சேரை அஞ்சாவது கம்பத்துல போடு. இவ உக்காந்து எந்திரிச்சதும் அடுத்த அஞ்சாவதுல போடு."

"நான் டிரைவரா, சேர் தூக்கியா?"

"இன்னைக்கு ரெண்டுந்தேன் தம்பி."

வேன் முன்னால் போனது. ஐந்தாவது கம்பத்தடியில் சிவப்பு நாற்காலி காத்திருந்தது. சித்ரா உட்கார்ந்தாள், தண்ணீர் குடித்தாள், எழுந்தாள். அடுத்த ஐந்துக்குப் பிறகும் அப்படியே.

மூன்றாவது முறை நாற்காலியில் காவடிக்காரப் பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். இவர்களைக் கண்டு எழப்போனார். சித்ரா தடுத்தாள்.

"இருங்கய்யா. நான் இந்தக் கம்பத்தப் பிடிச்சுக்கிறேன்."

"இன்னும் எம்புட்டுத் தூரம்த்தா?"

சித்ரா கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "பதினஞ்சு கம்பம். பாதி வந்துட்டோம்யா."

தன் வாயால் சொன்னதும் அவளுக்கே தெம்பு வந்தது.

வெயில் ஏறுமுன் அடிவாரத்து மண்ணை எடுத்து நெற்றியில் பூசிக்கொண்டாள் சித்ரா. சோணைமுத்து நாற்காலியோடு வந்து நின்றான்.

"எண்ணிட்டேன்க்கா. முப்பத்திரெண்டு. ரெண்டு கொறச்சுச் சொல்லிட்டீக."

"அந்த ரெண்டும் ஆறுதலுக்கு," என்றாள் மாரீஸ்வரி.