ஈரத்தின் மேல் இடம்

எட்டாம் மாதம் பிறக்குமுன்பே குழந்தை வந்துவிட்டது. அறுவை செய்துதான் எடுத்தார்கள். மயக்கம் தெளியாத மனைவி ஓர் அறையில், கண்ணாடிப் பெட்டிக்குள் மகள் இன்னோர் அறையில், நடுவே பெஞ்சில் நான். வேலை உடுப்பைக்கூட மாற்றவில்லை. அழுகையும் வரவில்லை, பசியும் வரவில்லை.

நுரையீரலின் குட்டிக் குட்டி அறைகளுக்குள் ஈரம் உண்டாம். அந்த ஈரத்தின் மேல் கொழுப்புப் படலம் ஒன்று படிந்திருந்தால்தான் அறைகள் ஒட்டிக்கொள்ளாமல் விரியுமாம். மகளுக்கு அது இன்னும் ஊறவில்லை, மருந்தாகக் குழாய் வழியே விட்டிருக்கிறோம் என்றார் டாக்டரம்மா. சோப்பு மாதிரியா என்று கேட்டேன். ஏறக்குறைய அந்த வகைதான் என்றார். கூட இருந்த மனைவியின் அக்காள் நான் மேஸ்திரியாக இருக்கும் சோப்பு ஆலையிலேயே பெட்டி கட்டுகிறவள். "இன்னும் குளிப்பாட்டவே இல்ல, அதுக்குள்ள உள்ளயே சோப்பு போட்டாச்சா" என்றாள். யாரும் சிரிக்கவில்லை.

மதியம்வரை நெஞ்சு ஒழுங்காக ஏறி இறங்கியது. பிறகு விலா எலும்புகளுக்கு நடுவே தோல் குழிந்தது. ரத்த நீர் கசிந்து, அதிலுள்ள புரதம் ஈரத்தின் மேல் முந்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டது, மருந்துக்கு அங்கே இடமில்லை என்றார் டாக்டரம்மா. இன்னொரு முறை விட்டால் அது புரதத்தை நெருக்கித் தள்ளலாம். விடும்போதே மூச்சு அடைக்கவும் கூடும். என் சம்மதம் வேண்டும்.

"வேணாம் தம்பி" என்றாள் அக்காள். "ஒரு தடவை ஊத்தினதே நிக்கல. அவ கண்ணு முழிக்கட்டும். பெத்தவகிட்ட கேப்போம்."

ஆலைத் தொட்டியில் இயந்திர எண்ணெய் சொட்டினால் நுரை செத்துவிடும். சோப்பு எங்கும் போயிருக்காது. தண்ணீரின் மேல் இடத்தை எண்ணெய் பிடித்திருக்கும். இன்னொரு வாளி சோப்பு போடச் சொல்வேன்.

"ஊத்துங்க" என்றேன். தொட்டியடியில் ஆளை ஏவுகிற அதே குரலில் வந்தது. அக்காள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

ஊற்றியதும் குழந்தை நீலம் பாரித்தது. நர்ஸ் காற்றுப் பையை அமுக்கிக்கொண்டே இருந்தார். நான் அவர் கையை மட்டும் பார்த்தேன். வெகுநேரம் கழித்து உதட்டில் நிறம் திரும்பியது, தோல் குழிவதும் நின்றது. அக்காள் சுவரில் சாய்ந்து அழுதாள்.

மனைவி விழித்ததும் கேட்டாள், எப்படி இருக்கிறாள் என்று.

"மூச்சு விடுறா."

"அத கொஞ்சம் சந்தோஷமாத்தான் சொல்லுங்களேன்."

முயன்றேன். அதே "மூச்சு விடுறா"தான் அதே குரலில் மறுபடியும் வந்தது. அவள் என் முகத்தையே பார்த்துவிட்டுக் கட்டிலோரம் நகர்ந்து இடம் விட்டாள்.

"சரி, உக்காருங்க. நாளைக்குச் சொல்லலாம்."