கையை விடாத ஸ்டியரிங்

ட்ரைவிங் ஸ்கூல் மாஸ்டரிடமிருந்து போன் வந்தபோது அண்ணி தலைக்குக் குளித்துவிட்டு, முடியில் சுற்றிய துண்டோடு நின்றிருந்தாள். அன்று மதியம் அவளுக்கு லைசென்ஸ் டெஸ்ட். ஏற்கெனவே இரண்டு தடவை போய், வண்டியைப் பின்பக்கமாக எடுத்துக் கட்டத்துக்குள் நிறுத்தும் இடத்தில், கோட்டைத் தாண்டிக் கோட்டை விட்டிருந்தாள்.

இந்த முறை தேறியே ஆகவேண்டும். அண்ணி நர்ஸ். ஆஸ்பத்திரி வார்டிலேயே இத்தனை வருஷம் ஓடி ஓடிக் கால் தேய்ந்தவள். எழுந்து நடமாட முடியாதவர்களை அவரவர் வீட்டுக்கே போய்ப் பார்க்கும் வேலை ஒன்றை ஆசைப்பட்டுக் கேட்டு வாங்கியிருந்தாள். லைசென்ஸைக் காட்டினால் திங்கட்கிழமையே சேர்ந்துகொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்கள்.

போனை வைத்துவிட்டு அவள் என்னைப் பார்த்தாள்.

"ஸ்கூல் வண்டியில கிளட்ச் போயிடுச்சாம். சொந்த வண்டி இருந்தா அதுலயே டெஸ்ட் குடுக்கலாமாம்."

"நம்ம வண்டிதான் நிக்குதே அண்ணி!"

"அது உங்கண்ணன் வண்டி."

"எங்கண்ணனே உங்களோடதுதான். வண்டி மட்டும் யாரோடதாம்?"

அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணன் கப்பலில் எஞ்சின் பார்ப்பவன். வருஷத்தில் முக்கால்வாசி நாள் கடலில். அவன் காரோ வீட்டுப் பக்கச் சந்தில் வெயிலிலும் மழையிலும் நிற்கும். பேட்டரி இறங்கிவிடக் கூடாதென்று ஞாயிற்றுக்கிழமைதோறும் அண்ணி சாவியைத் திருகி எஞ்சினைக் கொஞ்சம் ஓடவிடுவாள். அவ்வளவுதான். ஸ்டியரிங்கைத் தொடவேண்டிய தேவை யாருக்கும் வந்ததில்லை.

இப்போது வந்தது. அண்ணி உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துத் திருப்பினாள். மேலே போட்டிருந்த உறை மட்டும் வழுக்கிக்கொண்டு சுற்றியது, ஸ்டியரிங் அசையவில்லை.

"இந்த உறை லூசா இருக்கு. இதோட போனா டெஸ்டுக்கே விடமாட்டாங்க. கழட்டிடலாம்."

உரித்தோம். வாழைப்பழத் தோல்போல ஒரே இழுப்பில் வந்தது. வெயிலில் வெந்து வெந்து ஸ்டியரிங்கின் மேல்பூச்சு உருகி, பலாப்பால்போலப் பிசுபிசுவென்றிருந்தது. அண்ணி தொட்டாள். கையை எடுக்கும்போது 'சப்'பென்று சத்தம் கேட்டது.

"கல்யாணத்துல உங்கண்ணன்கூட என் கையை இவ்வளவு இறுக்கிப் பிடிக்கலைடி!" என்றாள்.

மாஸ்டர் மதியத்துக்கு முன்னால் வந்து பக்கத்தில் உட்கார்ந்து கூட்டிப் போவதாகச் சொல்லியிருந்தார். அதற்குள் முடிக்கவேண்டும். நான் பறந்தேன். அழகு நிலையத்தில் வேலை செய்பவளுக்கு முகம் துடைக்கும் காகிதத்துக்கா பஞ்சம்? ஒரு கொத்தை எடுத்து வந்து அழுத்தித் தேய்த்தேன். காகிதம் பொடிப்பொடியாகப் பிய்ந்து ஸ்டியரிங் முழுக்க ஒட்டிக்கொண்டது. பார்ப்பதற்கு நனைந்த ஆட்டுக்குட்டி மாதிரி இருந்தது.

"முன்னைக்கு இப்ப தேவலை," என்றாள் அண்ணி. "குளிருக்கு அடக்கமா இருக்கும்."

அதற்குள் அம்மா வெந்நீரில் பாத்திரம் கழுவும் சோப்பைக் கலந்து ஒரு குவளையில் கொண்டு வந்தாள். அண்ணி துணியை நனைத்து, நன்றாகப் பிழிந்து, சிறிது சிறிதாகத் துடைத்தாள். காகிதம் போயிற்று, அழுக்கும் போயிற்று, பிசுக்கு மட்டும் போகவில்லை. எனக்குப் பொறுமை இல்லை. "தண்ணி பத்தலை அண்ணி" என்று ஸ்பாஞ்சைக் குவளைக்குள் முக்கி, அப்படியே நடுவில் வைத்துப் பிழிந்துவிட்டேன்.

ப்பாஆஆஆம்!

ஹாரன். நான் கையை எடுத்த பிறகும் நிற்கவில்லை. தண்ணீர் உள்ளே போய்விட்டது. அண்ணி நடுவில் தட்டினாள், குத்தினாள், சாவியைப் பிடுங்கினாள். அது பாட்டுக்குக் கத்தியது. தெரு முழுக்க ஜன்னல்கள் திறந்தன. அம்மா காதைப் பொத்திக்கொண்டு, "வாயை மூடச் சொல்லுடி அதை!" என்று என்னிடம் கத்தினாள், ஏதோ நான் சொன்னால் அது கேட்கும் என்பதுபோல.

எதிர்வீட்டு வாத்தியார் பாதி ஷேவிங்கில் சோப்பு நுரையோடு ஓடிவந்தார். "யாருக்கு என்னாச்சு?"

"ஸ்பேனர்!" என்று அண்ணி கத்தினாள். "ஸ்பேனர் இருந்தா குடுங்க சார்!"

அவர் வந்த வேகத்தில் திரும்பி ஓடி எடுத்துவந்தார். அண்ணி பானெட்டைத் திறந்து பேட்டரி ஒயரைக் கழற்றினாள். சட்டென்று தெரு அமைதியானது. அப்புறம் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"ஹாரன் அடிக்கலைன்னா டெஸ்ட் கிடையாது," என்று அண்ணி மெதுவாகச் சொன்னாள். அவள் முகம் வாடியதைப் பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. கெடுத்தவள் நான், நான்தான் வழி பார்க்கவேண்டும். ஈரத்தை என்ன செய்வது? தினமும் எத்தனை ஈரத் தலைகளைக் காயவைக்கிறேன்!

வீட்டுக்குள் ஓடி என் ஹேர் ட்ரையரை எடுத்தேன். ஜன்னல் வழியாக ஒயரை இழுத்து, ஸ்டியரிங்குக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். சூடு அதிகமானால் பூச்சு இன்னும் இளகும் என்று குளிர்காற்றை வைத்து, இடுக்கு இடுக்காக ஊதினேன். வாத்தியார் நுரை காய்ந்த முகத்தோடு, "நடு வகிடா, பக்க வகிடா?" என்று கேட்டார். அண்ணி மறுபடி சிரித்ததில் எனக்கு உயிர் வந்தது.

அடுத்து பிசுக்கு. நகப்பூச்சை அழிக்கும் திரவத்தை எடுத்துக்கொண்டு ஓடிவந்தேன். அண்ணி என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வேணாம்டி. அது பிளாஸ்டிக்கையே தின்னுடும். என் பையில ஸ்பிரிட் இருக்கு, ஊசி போடறதுக்கு முன்னாடி துடைக்கிறது. மொதல்ல அந்த ட்ரையரை வீட்டுக்குள்ள வை. ஸ்பிரிட் பக்கத்துல சூடே வரக்கூடாது."

கதவுகளையெல்லாம் திறந்து வைத்தோம். அண்ணி துணியின் ஓரத்தில் ஸ்பிரிட்டைக் கொஞ்சமாகத் தொட்டு, யாருக்கும் தெரியாத கீழ்ப்பக்கத்தில் முதலில் தேய்த்துப் பார்த்தாள். துணி கறுத்தது. கண்மையைத் துடைப்பதுபோலக் கறுப்பு வழித்துக்கொண்டு வந்தது. அடியில் கெட்டியான, வழவழப்பான பிளாஸ்டிக்!

"அண்ணி, வருது! வருது!"

"பிரசவ வார்டு மாதிரி கத்தாதே, துணியைக் கிழி!"

பழைய பனியனைக் கிழித்துக் கிழித்துக் கொடுத்தேன். அவள் வலப்பக்கம், நான் இடப்பக்கம். ஒரு துணி கறுத்தால் அடுத்த துணி. கம்பிகள் சேரும் இடுக்குகளில் பழைய பல்துலக்கியைப் போட்டோம். கடைசியில் பிழிந்த ஈரத்துணியால் ஒரு துடைப்பு, உலர்ந்த துணியால் ஒரு துடைப்பு. அண்ணி இரண்டு கையாலும் பிடித்தாள். விட்டாள். சத்தமில்லை. பிடித்தாள், விட்டாள். குழந்தை கைதட்டுவதுபோல அதையே செய்துகொண்டிருந்தாள்.

வாத்தியார் பேட்டரி ஒயரை மாட்டினார். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். அண்ணி ஹாரனை அழுத்தினாள்.

'ப்பாம்.' விட்டதும் நின்றது.

அம்மா கைதட்டிய சத்தம்தான் பெரிதாகக் கேட்டது. அந்தச் சமயத்தில் சந்து முனையில் மாஸ்டரின் ஸ்கூட்டர் திரும்பியது.

டெஸ்ட் மைதானத்தில் வெளியாட்கள் கம்பிவேலிக்கு இந்தப் பக்கம் நிற்கவேண்டும். நானும் மாஸ்டரும் நின்றோம். கண்ணாடி போட்ட பெண் அதிகாரி ஒருவர் அண்ணிக்குப் பக்கத்தில் ஏறினார். வண்டி முன்னால் போயிற்று, வளைந்தது, மேட்டில் நின்று பின்னால் உருளாமல் கிளம்பியது. அப்புறம் அந்தக் கட்டம். மாஸ்டர் வாய்க்குள்ளேயே, "மெதுவா... மெதுவா... இப்ப ஒடி" என்று முணுமுணுத்தார். நான் வேலியைப் பிடித்த பிடியில் கம்பி விரலில் பதிந்தது.

வண்டி பாதி நுழைந்து நின்றுவிட்டது. கோணல். போச்சு என்று கண்ணை மூடினேன்.

"மூடாதேம்மா, பாரு," என்றார் மாஸ்டர். "ஒரு தடவை முன்னால எடுத்துச் சரிபண்ணிக்கலாம். அவங்களுக்குத் தெரியும்."

அண்ணி பதறவில்லை. முன்னால் எடுத்தாள். ஸ்டியரிங்கை ஒரே சீராகச் சுற்றினாள். வண்டி, கூட்டுக்குத் திரும்பும் கோழிபோல, நேராகப் பின்னால் போய்க் கட்டத்துக்குள் உட்கார்ந்தது. எந்தக் கோட்டின் மேலும் சக்கரம் இல்லை.

நான் போட்ட கூச்சலில் காவலாளி திரும்பிப் பார்த்தார்.

இறங்கி வந்த அண்ணி, கையிலிருந்த காகிதத்தை நீட்டினாள். மாஸ்டர் வாங்கிப் பார்த்து, "பாஸ்!" என்றார். அப்புறம் மூச்சு வாங்க அவள் சொன்னாள்: "அந்தம்மா என் கையைப் பார்த்துட்டு, நகமெல்லாம் என்ன கறுப்புன்னு கேட்டாங்கடி. ஸ்டியரிங் கழுவினேன்னு சொன்னேன். 'டெஸ்டுக்குக் கோயிலுக்குப் போயிட்டு வருவாங்க, பட்டினி கிடந்து வருவாங்க, ஸ்டியரிங்கைக் குளிப்பாட்டிட்டு வந்தது நீங்கதான்'னு சிரிச்சாங்க!"

திரும்பும்போது மாஸ்டர் முன்சீட்டில், நான் பின்சீட்டில். எங்கள் தெரு வந்தது. அம்மா வாசலில் நின்று, 'என்ன ஆச்சு' என்று கையை ஆட்டிக் கேட்டாள். நான் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவதற்குள் வாசல் பின்னால் போய்விட்டது.

"அண்ணி! வீடு தாண்டிடுச்சு!"

"பார்த்தேன்."

"எங்கேம்மா போறோம்?" என்றார் மாஸ்டர்.

"தெரியலை மாஸ்டர்," என்றாள் அண்ணி. "பெட்ரோல் இருக்கு. இன்னும் கொஞ்சம் ஓட்டிட்டு வரேனே!"

பெரிய சாலை வந்தது. அவள் இண்டிகேட்டர் விளக்கைப் போட்டு, கண்ணாடியைப் பார்த்து, திருப்பினாள். நான் ஜன்னலை முழுக்க இறக்கிவிட்டேன்.