ஆக்சிலரேட்டரில் ஒரு கால்

எங்கள் கார் நின்றால் நின்றதுதான். மறுபடி கிளப்ப வேண்டுமென்றால் சாவியைத் திருகி, கடவுளைக் கூப்பிட்டு, கடைசியில் தெருவில் போகிற நாலு பேரைக் கூப்பிட்டுத் தள்ளவிட வேண்டும். அதனால் காலை ஏழு மணிக்குக் கிளப்பினால் வேலை முடிகிறவரை இன்ஜினை அணைப்பதே இல்லை. அணைக்காமல் விட்டாலும் போதாது, ஆக்சிலரேட்டரில் ஒரு கால் இருந்துகொண்டே இருக்க வேண்டும். காலை எடுத்தால் இரண்டு இருமல் இருமிவிட்டு அடங்கிப்போகும்.

அந்தக் கால் என் மாமனாருடையது.

நான் செய்வது ரத்தம் சுமக்கிற வேலை. ஐந்து கிளினிக்குகளில் காலையில் எடுத்த ரத்தத்தைக் குழாய் குழாயாக வாங்கி, ஐஸ் பெட்டியில் அடுக்கி, பதினோரு மணிக்குள் லேபில் சேர்க்க வேண்டும். அதற்கு மேல் போனால் வாங்கமாட்டார்கள். அத்தனை பேரும் மறுநாள் வெறும் வயிற்றோடு வந்து மறுபடி கையை நீட்ட வேண்டியதுதான்.

மாமா முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டியவர். இடது கண்ணில் பார்வை போய்விட்டதென்று இரண்டு வருஷத்துக்கு முன்னால் லைசென்ஸைப் புதுப்பிக்க மறுத்துவிட்டார்கள். அதே வருஷம் மாமியாரும் போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகு ஆறேழு மாதம் மாமா கட்டிலை விட்டு எழுந்ததில்லை. சவரம் இல்லை, பேச்சு இல்லை, தட்டில் போட்டது போட்டபடி திரும்பி வரும். கார் மக்கர் பண்ண ஆரம்பித்த பிறகுதான், வேறு ஆள் கிடைக்காமல், ‘கொஞ்சம் கூட வாங்க மாமா’ என்றேன். மறுநாள் ஆறு மணிக்கே சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். அன்று மதியம் இரண்டு தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

நான் கிளினிக்குக்குள் போனதும் பக்கத்து சீட்டிலிருந்து ஸ்டியரிங் முன்னால் நகர்ந்து வருவார். திரும்பி வந்ததும் தன் சீட்டுக்குப் போய்விடுவார். மிதிக்கலாம், ஓட்டக் கூடாது. இப்படியொரு சட்டத்தை உலகத்தில் வேறு யாரும் போட்டிருக்கமாட்டார்கள். போட்ட புத்திசாலி நான்தான்.

போன மாதம் மூன்று நாள் கார் நடுவழியில் அணைந்துபோய் லேபுக்குத் தாமதமாகப் போனோம். வெள்ளிக்கிழமை லேப் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

“உங்க மேல எனக்கு ஒரு குறையும் இல்லம்மா. வண்டி மேலதான். ரிப்பேர் பண்ணுவீங்களோ மாத்துவீங்களோ, திங்கக்கிழமை எனக்கு முடிவு தெரியணும். இன்னொரு தடவை லேட்டாச்சுன்னா ரூட்டை வேற ஆளுக்குக் குடுத்துருவேன்.”

சனிக்கிழமை மெக்கானிக்கிடம் காரை விட்டேன். நெட்டை என்றால்தான் அவனை எல்லாருக்கும் தெரியும். பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் குனிந்திருந்தான். பிறகு என்னை மட்டும் ஓரமாகக் கூப்பிட்டான்.

“அக்கா, செல்ஃப் ஸ்டார்ட்டர் போயிருச்சு, அது உண்மை. அடித்தகடும் துரு. மாத்தணும்னா மாத்தலாம், ஓட்டணும்னா செல்ஃப் மட்டும் போட்டு இன்னும் ரெண்டு வருஷம் ஓட்டலாம். ஆனா இந்த ஐட்லிங், காலை எடுத்தா அணைஞ்சுபோறது...”

“அதுக்கென்ன?”

“இதுவரைக்கும் மூணு தடவை டைட் பண்ணிக் குடுத்திருக்கேன். போன தடவை சந்தேகப்பட்டு ஸ்க்ரூ மேல ஒரு பொட்டு சிவப்புப் பெயிண்ட் வெச்சேன். இங்க பாருங்க.”

பார்த்தேன். பெயிண்ட் இரண்டாகப் பிளந்து, பாதி ஸ்க்ரூவோடு திரும்பியிருந்தது.

“ஸ்க்ரூ தானா சுத்தாதுக்கா. யாரோ ஸ்க்ரூ டிரைவர் வெச்சுத் தளர்த்துறாங்க.”

யாரோ என்ன யாரோ. என் வீட்டில் ஸ்க்ரூ டிரைவரைப் பேனா மாதிரி சட்டைப்பையில் குத்திக்கொண்டு திரிகிறவர் மாமா ஒருத்தர்தான். பொசுக்கென்று கோபம் வந்தது. என் பிழைப்பையே கெடுக்கப் பார்த்தாரே மனுஷன்! அவனிடம் ஒன்றும் காட்டிக்கொள்ளாமல், “டைட் பண்ணி, மறுபடியும் பெயிண்ட் வெச்சுக் குடு” என்று சொல்லிவிட்டு வந்தேன். வீடு வருவதற்குள் கோபம் வடிந்துவிட்டது. கார் நன்றாக இருந்தால் அவர் தேவையில்லை. வேறு கார் வந்தாலும் தேவையில்லை. இந்த மனுஷனுக்கு வேறு போக்கிடம் எது?

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் உட்கார்ந்து பேசினோம். என் வீட்டுக்காரர், தன் ஃபேக்டரி நண்பர் ஒருவர் கார் விற்கிறார், கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்றார்.

“எதுக்குடா மாத்தணும்? இன்ஜின் தங்கம்டா இது. இன்னிக்கு வர்ற வண்டியெல்லாம் வெறும் தகரம். ரிப்பேர் பண்ணினா போதும்” என்றார் மாமா.

“ரிப்பேர் பண்ணிப் பண்ணித்தானேப்பா இந்தக் கதி?”

“பண்றவன் ஒழுங்கா பண்ணணும். அந்த நெட்டைக்கு வேலை தெரியல.”

எனக்குச் சுருக்கென்றது. பாவம், அவன் தலையில் பழியைப் போடுகிறார். ஒரே ஒரு வார்த்தை, ‘பெயிண்ட் பிளந்திருக்கு மாமா’ என்று சொன்னால் போதும், பேச்சு அங்கேயே முடிந்துவிடும். மகன் முகத்தை அவர் எப்படிப் பார்ப்பார்? என்னை நிமிர்ந்து பார்க்காமல் வேட்டி நுனியைத் திருகிக்கொண்டிருந்தார்.

“நீ என்னடி சொல்ற? ஓட்டுறவ நீதானே” என்றார் வீட்டுக்காரர்.

“நாளைக்குச் சாயந்திரம் சொல்றேன்” என்றேன். ஒரு நாளில் என்ன முழுகிவிடப் போகிறது என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை முதல் கிளினிக்கில் நிறுத்தியபோதே இன்ஜின் நடுங்கியது. ராத்திரியோடு ராத்திரியாகத் தளர்த்திவிட்டார். அவர் என் சீட்டுக்கு நகர்ந்து வந்தபோது முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினேன்.

மூன்றாவது கிளினிக் ஒரு சந்துக்குள் இருக்கிறது. எதிரெதிரே இரண்டு வண்டி வந்தால் ஒன்று பின்னால் போய்த்தான் ஆகவேண்டும். அன்றைக்கென்று பார்த்து நர்ஸ் ஒரு குழாயில் பெயர் ஒட்டாமல் விட்டிருந்தார். அது யாருடைய ரத்தம் என்று அவர் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருக்க, நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது. கிட்டத்தில் வந்து நின்று அலறியது. பிறகு நகர்ந்து போனது.

அந்தச் சந்தில் எங்கள் காரைத் தாண்டி ஆம்புலன்ஸ் எப்படிப் போகும்?

குழாய்களை அள்ளிக்கொண்டு வெளியே ஓடினேன். கார் இல்லை. நிறுத்தியிருந்த இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் கிடந்தது. பெட்டி போனால் போகட்டும், ரூட் போனால் போகட்டும், யார் மேலும் மோதியிருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டே சந்து முனைக்கு ஓடினேன். செருப்பு ஒன்று கழன்றது. எடுக்கவில்லை.

முனையில் கூட்டம். நடுவில் எங்கள் கார், பாதி நடைபாதையில் ஏறி நின்று உறுமிக்கொண்டிருந்தது. காருக்கு இடது பக்கம் ஒரு பெண் தரையில் உட்கார்ந்து ஒரு சின்னப் பிள்ளையை இறுக்கிக் கட்டிக்கொண்டு கத்திக்கொண்டிருந்தாள்.

“கண்ணு தெரியலையா உங்களுக்கு? நான் கையைப் புடிச்சு இழுக்கலேன்னா என் புள்ள போயிருக்குமே!”

குழந்தைக்கு ஒரு கீறல்கூட இல்லை. அதன் தண்ணீர் பாட்டில் மட்டும் முன் சக்கரத்துக்கு அடியில் அப்பளமாக நசுங்கிக் கிடந்தது. மாமா கதவைத் திறந்து, ஒரு காலை ஆக்சிலரேட்டரிலேயே வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆம்புலன்ஸ் வந்துச்சும்மா, வழி விட்டேன். முன்னால யாருமே இல்லையே” என்றார்.

அந்தப் பெண்ணின் காலில் விழாத குறைதான். என்னென்ன சொன்னேன் என்று எனக்கே நினைவில்லை. கடைசியில் அவள் என்னைப் பார்த்து, “பெரியவரை இனிமே உக்கார வெக்காதீங்க” என்று சொல்லிவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனாள். கூட்டம் கலைந்தது. மாமாவை நகரச் சொல்லிவிட்டு நான் உட்கார்ந்து ஓட்டினேன். இன்னும் இரண்டு கிளினிக் பாக்கி இருந்தது. அங்கே இரண்டு இடத்திலும் மாமாவை விடாமல் நானே மிதித்துக்கொண்டு ஹாரன் அடித்தேன். நர்ஸ்கள் திட்டிக்கொண்டே குழாய்களைக் காருக்குக் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

லேபுக்குப் போகிற வழியில் மாமா மெதுவாகக் கேட்டார்.

“அந்தக் குழந்தை எந்தப் பக்கம் நின்னுச்சு?”

“இடது பக்கம் மாமா.”

“எவ்வளவு தூரத்துல?”

“கையை நீட்டினா தொடலாம்.”

லேப் வாசலில் நிறுத்தியபோது பதினொன்றுக்கு நாலு நிமிடம் இருந்தது. வேறு வழியில்லை. கைப்பிரேக்கை இழுத்து, “மிதிச்சுட்டு மட்டும் இருங்க, ஆம்புலன்ஸ் இல்ல, ஆகாயமே இடிஞ்சு விழுந்தாலும் நகத்தாதீங்க” என்று சொல்லிவிட்டுப் பெட்டியோடு ஓடினேன். மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒற்றைச் செருப்பைப் பார்த்தார். பெட்டியை வாங்கிக்கொண்டார்.

“என்னம்மா முடிவு பண்ணினீங்க?”

“அஞ்சு நிமிஷம் குடுங்க சார்” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

இன்ஜின் சத்தம் இல்லை. மாமா காருக்கு வெளியே, பானெட்டில் கையை ஊன்றி நின்றுகொண்டிருந்தார். சாவியை என்னிடம் நீட்டினார்.

“அணைச்சுட்டேம்மா.”

நான் வாங்கிக்கொண்டேன்.

“இதை மாத்திடு. ரிப்பேர் வேணாம். ஸ்க்ரூவைத் தளர்த்தினது நான்தான். நெட்டை மேல தப்பில்ல. அவன்கிட்ட நானே போய்ச் சொல்றேன்.”

குரல் உடையவில்லை. பஸ்ஸில் அடுத்த நிறுத்தத்தின் பெயரைச் சொல்வதைப் போலச் சொன்னார். எனக்குத்தான் தாங்கவில்லை. அவர் அவமானத்தைக் குறைக்கிறேன் பேர்வழி என்று அவசரப்பட்டுவிட்டேன்.

“தெரியும் மாமா. பரவால்ல, விடுங்க.”

அவர் நிமிர்ந்து, நல்ல கண் என் பக்கம் வரும்படி தலையைத் திருப்பினார்.

“எப்பலேருந்து தெரியும்?”

“சனிக்கிழமை. நெட்டை காட்டினான்.”

“தெரிஞ்சும் இன்னிக்குக் காலையில என்னை ஸ்டியரிங் முன்னாடி உக்கார வெச்சியா?”

“நீங்க மறுபடி கட்டில்லயே படுத்துடுவீங்களோன்னு பயந்துட்டேன் மாமா.”

“படுத்தா படுத்துட்டுப் போறேன்” என்றார். “அந்தப் பொண்ணு புள்ளையை இழுக்காம இருந்திருந்தா, நாம ரெண்டு பேரும் அவகிட்ட என்னம்மா சொல்லியிருப்போம்?”

உள்ளே போய் மேனேஜரிடம் வண்டியை மாற்றுகிறோம் என்று சொன்னேன். திரும்பி வந்தபோது மாமா காரின் பின்பக்கம் போய், தள்ளுவதற்குத் தயாராக நின்றுகொண்டிருந்தார்.