இருக்கும், தம்பி

வியாழக்கிழமை காலை பத்தேகாலுக்கு, அறுபத்தாறாவது சக்கர நாற்காலி முன்சக்கரம் கிடைக்காமல் குப்புறச் சாய்ந்து நின்றது. அதற்குப் பின்னால் வர வேண்டிய ஐம்பத்து நான்கும் வெறும் குழாய்க் கூடுகளாகத் தரையில் வரிசை கட்டிக் காத்திருந்தன. மொத்தம் நூற்றிருபது நாற்காலிகள் ஒரு மருத்துவமனைக்குப் போக வேண்டும், சனிக்கிழமை காலை லாரி. ஒரு நாற்காலிக்கு முன்பக்கம் இரண்டு சின்னச் சக்கரம், ஒரு சக்கரத்துக்கு இரண்டு பேரிங். சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிய சாமான்தான். அது தீர்ந்துபோனதில் பதினான்கு பேர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

இதைச் செய்தவர் பர்ச்சேஸ்காரர். வேண்டுமென்று செய்யவில்லை. வேண்டுமென்று ஒன்றைச் செய்யும் அளவுக்கு அவருக்குத் திட்டமிடத் தெரிந்திருந்தால் பேரிங்கையே வாங்கியிருப்பார்.

அந்தத் தொழிற்சாலையில் ஒரு முறை உண்டு. எதை வாங்குவதாக இருந்தாலும் முதலில் ஸ்டோர்ஸுக்குப் போன் போட்டு, கைவசம் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். கேட்டதைத் தாளில் குறிக்க வேண்டும். தாளில் இரண்டே கட்டம்: இருக்கு, இல்லை. ஒரு மாதத்துக்கு முன் பர்ச்சேஸ்காரர் போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, இன்னொரு கையால் வேறெதிலோ கையெழுத்துப் போட்டபடி பேரிங்கைப் பற்றிக் கேட்டார். ஸ்டோர்ஸ் அக்கா, "இருக்கும், தம்பி" என்றார்.

'இருக்கும்' என்பதற்குத் தாளில் கட்டம் கிடையாது. பர்ச்சேஸ்காரர் 'இருக்கு'வில் டிக் அடித்தார். கடைசியில் நின்ற 'ம்' எங்கோ காற்றில் போனது. அந்த ஒரு மெய்யெழுத்தில்தான் மெய் இருந்தது என்பது வியாழக்கிழமை வரை அவருக்குத் தெரியவில்லை.

புத்தகக் கணக்கில் ஐந்நூறு பேரிங். அலமாரியில் நல்லதாக இருந்தது இருநூற்று அறுபது. மீதி இருநூற்று நாற்பதும் சிவப்புப் பெயின்ட் அடித்த அலமாரியில், அதாவது தேறாத சாமான்களுக்கான அலமாரியில், எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி உட்கார்ந்திருந்தன. விரலில் மாட்டிச் சுற்றினால் கரகரவென்றன.

சப்ளையருக்குப் போன் போட்டதும் அந்தப் பக்கம், வண்டி கிளம்பிவிட்டது என்றார்கள். ஆர்டரே இன்னும் கொடுக்கவில்லையே என்று பர்ச்சேஸ்காரர் சொன்னார். அந்தப் பக்கம் ஒரு நொடி யோசித்துவிட்டு, கிளம்பப் போகிறது என்று திருத்திக்கொண்டார்கள். பர்ச்சேஸ்காரர் ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, இரும்புக் கடைகள் இருக்கும் தெருவுக்குத் தானே ஸ்கூட்டரில் போனார். மூன்று கடைகளில் ஏறி இறங்கி, ஒவ்வொன்றையும் விரலில் மாட்டிச் சுற்றிப் பார்த்து, நாலு மணிக்கு இருநூற்று இருபது பேரிங்கோடு திரும்பினார். மறுபடி வேலை ஓடத் தொடங்கியது. நாற்காலிகளின் கதை அதோடு முடிந்தது. சொன்ன நாளில் லாரி ஏறிவிடும்.

முடியாதது ஸ்டோர்ஸ் அக்காவின் கதை.

மாலை மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். மேனேஜர் சத்தம் போடாத மனிதர். சத்தம் போட்டிருந்தால் பர்ச்சேஸ்காரர் எதையாவது சொல்லிச் சிரிக்க வைத்துத் தப்பித்திருப்பார். மேனேஜர் மேசையில் இருந்த பேனாக்களை நேராக அடுக்கிக்கொண்டே, அந்த அம்மாவைத் திங்கட்கிழமையிலிருந்து வாசல் கேட்டுக்கு அனுப்பலாம் என்று இருப்பதாகவும், ஏறும் இறங்கும் சாமான்களை அங்கே நின்று எண்ணட்டும் என்றும், ஸ்டோர்ஸ் சாவியைக் கம்ப்யூட்டர் தெரிந்த வேறொருவரிடம் கொடுத்துவிடலாம் என்றும் சொன்னார். நடந்ததை நாலு வரி எழுதிக் கொடுங்கள் என்றார்.

பர்ச்சேஸ்காரர் தலையாட்டினார். அது சம்மதமா, கழுத்துப் பிடிப்பா என்று அவருக்கே தெரியாது.

நாலு வரி எழுத ஆதாரம் வேண்டும். தன் மேல் தப்பில்லை என்று காட்டும் தாள் ஏதாவது தட்டுப்படுமா என்று மேசைத் தட்டைக் குடைந்தார். மேலிருந்து கீழே போகப் போகத் தேதிகள் பின்னோக்கிப் போயின. கடைசிக்குச் சற்று மேலே, ஆறு வாரம் பழைய தேதியில், ஸ்டோர்ஸ் அக்காவின் உருண்டைக் கையெழுத்தில் ஒரு ஃபார்ம் கிடைத்தது. 'பேரிங், 240 எண்ணம். சுற்றினால் கரகரக்கிறது. சப்ளையருக்குத் திருப்பவும். கணக்கில் கழிக்கக் கையெழுத்து வேண்டும்.' கையெழுத்து வேண்டிய இடத்தில், டீ தம்ளர் வைத்து எடுத்த பழுப்பு வட்டம் ஒன்று முத்திரை போல அழகாக விழுந்திருந்தது.

அவர் கையெழுத்துப் போட்டிருந்தால் புத்தகத்தில் இருநூற்று அறுபது என்று நின்றிருக்கும். போன் போடாமலே விஷயம் தெரிந்திருக்கும். இரண்டு முறை அக்கா போனில் நினைவுபடுத்தியதும், "கையிலதான்க்கா இருக்கு" என்று தான் சொன்னதும் ஞாபகம் வந்தது. பொய் என்று முழுக்கச் சொல்ல முடியாது. கை அதன் மேல்தான் ஊன்றியிருந்தது.

ஆதாரம் கிடைத்துவிட்டது. யாருக்கு எதிராக என்பதில்தான் சின்ன மாறுதல்.

வீட்டில் மனைவியிடம் முழுவதையும் சொன்னார். இன்னும் நாலு மாதத்தில் சீனியர் பதவிக்குப் பட்டியல் போடுவார்கள், அதில் தன் பெயர் இருப்பதாகக் காதில் விழுந்திருக்கிறது என்பதையும் சேர்த்தே சொன்னார். அவள் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டே கேட்டுவிட்டு, "உங்களுக்கு என்ன தோணுதோ செய்யுங்க" என்றாள். கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் அந்த வாக்கியத்துக்கு ஒரே அர்த்தம்தான். ஆனால் அது எந்த அர்த்தம் என்று அவர் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஏதோ சாக்குச் சொல்லி ஸ்டோர்ஸுக்குப் போனார். அது பழைய ஷெட். நெடுக இரும்பு அலமாரிகள், நடுவில் ஒரு ஆள் போகும் அளவுக்கு இடைவெளி. எந்தத் திருகாணி எந்தத் தட்டில், எந்த வாஷர் எந்த டப்பாவில் என்பதெல்லாம் பத்தொன்பது வருடமாக அக்காவின் தலைக்குள்தான் இருந்தது. கரன்ட் போனாலும் கைநீட்டி எடுத்துக் கொடுப்பார். இன்றைக்கு அவர் ஸ்டூல் மேல் ஏறி நின்று, அட்டைத் துண்டுகளில் கொட்டை எழுத்தில் எழுதி ஒவ்வொரு தட்டிலும் ஒட்டிக்கொண்டிருந்தார்.

என்னக்கா இது புதுசாக என்று கேட்டார். வருகிறவருக்குத் தெரிய வேண்டாமா, தேடித் திண்டாடக் கூடாதல்லவா என்றார் அக்கா. குரலில் ஒன்றுமில்லை. 'ஆறு மி.மீ. நட்டு. ஈரம் படக்கூடாது' என்று ஒரு அட்டை. 'இந்த டப்பா மூடி இறுகும். ஓரத்தில் தட்டவும்' என்று இன்னொன்று. பர்ச்சேஸ்காரர் அந்த மூடி அட்டையை இரண்டு தரம் படித்தார். தன்னைத் துரத்தினால் தன் மேசைக்கு வருகிறவனுக்குத் தான் என்ன எழுதி ஒட்டுவோம் என்று யோசித்தார். 'டீயை இங்கே வைக்காதே' என்பதைத் தவிர ஒன்றும் தோன்றவில்லை.

மத்தியானம் மேனேஜர் அறைக்குப் போய், ஃபார்மையும் நாலு வரியையும் மேசையில் வைத்தார். மேனேஜர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார்.

'ஸ்டோர்ஸ் இருக்கும் என்றது. நான் இருக்கு என்று குறித்தேன். 240 கெட்டுப்போனது என்ற ஃபார்ம் ஆறு வாரமாக என்னிடம் இருந்தது. அதன் மேல் டீ குடித்தேன்.'

"கடைசி வரி தேவையா?" என்றார் மேனேஜர்.

"நீங்க நாலு கேட்டீங்க சார். எனக்கு மூணுதான் வந்துச்சு."

மேனேஜர் சிரிக்கவில்லை. ஃபார்மைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். வட்டத்தைப் பார்த்தார். பிறகு நிதானமாக, ஃபார்ம் விஷயம் உங்கள் தப்பு, அதற்கு உங்களுக்கு மெமோ வரும், பட்டியலையும் இந்த வருடம் மறந்துவிடுங்கள் என்றார். அப்போது அக்கா ஸ்டோர்ஸிலேயே இருக்கலாம்தானே என்று பர்ச்சேஸ்காரர் கேட்டார்.

"அது வேற விஷயம்" என்றார் மேனேஜர். "கெட்டுப்போச்சுன்னு அந்தம்மாவுக்குத் தெரியும். அவங்கதான் எழுதியே இருக்காங்க. அப்புறம் நீங்க கேக்கறப்ப எதுக்கு இருக்கும்னு சொல்லணும்? ஸ்டோர்ஸ்ல உக்காந்துட்டு இல்லாததை இல்லன்னு சொல்லாத ஆள்கிட்ட நான் எப்படி சாவியைக் குடுக்கறது?"

பர்ச்சேஸ்காரர் ஒரு ஜோக்கைத் தேடினார். கிடைக்கவில்லை.

"நானும் நேத்து கேட்டேன். தரையைப் பாத்துட்டு நிக்கறாங்க. நீங்க போய்க் கேளுங்க. நியாயமா ஒரு காரணம் இருந்தா அஞ்சாவது வரியா எழுதிக் கொண்டாங்க. சாவி அங்கயே இருக்கட்டும். இல்லைன்னா திங்கக்கிழமை வாசல் கேட்டுதான்."

மறுபடியும் ஸ்டோர்ஸ். அக்கா கடைசி அலமாரிக்கு வந்திருந்தார். சிவப்பு அலமாரி. அட்டையில் 'தேறாதவை' என்று எழுதிப் பசை தடவிக்கொண்டிருந்தார். பர்ச்சேஸ்காரர் ஒரு காலிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். நாலு வரி எழுதிய தாளை முழங்காலில் விரித்து, பேனாவின் மூடியைக் கழற்றினார்.

ஃபார்ம் தன்னிடம்தான் தூங்கியது என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டதைச் சொன்னார். அக்கா தலையை மட்டும் அசைத்தார். அடுத்து மேனேஜர் கேட்டதைச் சொல்லி, அதையே தானும் கேட்டார். அக்கா முதலில், அது ஏதோ வாயில் வந்தது தம்பி என்றார். பிறகு, நீங்களே ஷெட்டுக்கு வந்து பார்ப்பீர்கள் என்று நினைத்தேன் என்றார். பர்ச்சேஸ்காரர் எதையும் எழுதவில்லை. பேனா தாளுக்கு மேலே அப்படியே நின்றது.

"அக்கா, நான் கிண்டலுக்குக் கேக்கல. நிஜமா எனக்குத் தெரியணும். இல்லன்னு ஒரு வார்த்தை. ஏன் சொல்லல?"

அக்கா அட்டையை அலமாரியில் அழுத்தி ஒட்டினார். கையில் ஒட்டிய பசையைப் பழைய துணியில் துடைத்தார். ஒவ்வொரு விரலாகத் துடைத்தார்.

"போன வருஷம் மீட்டிங்ல நீங்க மூணு சாமான் கேட்டீங்க. மூணும் ஸ்டோர்ஸ்ல இல்ல. இல்ல, இல்ல, இல்லன்னு மூணு தடவை சொன்னேன். நீங்க எந்திரிச்சு, நம்ம ஸ்டோர்ஸுக்கு ஒரு இல்லத்தரசி கிடைச்சிருக்காங்கன்னீங்க."

பர்ச்சேஸ்காரருக்கு அந்த ஜோக் நன்றாகவே ஞாபகம் இருந்தது. அந்த வருடத்தில் அவர் சொன்னதிலேயே நல்ல ஜோக். ஒரு நிமிஷம் விடாமல் சிரித்தார்கள். வீட்டுக்குப் போய் மனைவியிடமும் சொன்னார். அவள் மட்டும் சிரிக்காமல் கறிகாயை நறுக்கிக்கொண்டிருந்தது இப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது.

"எல்லாரும் சிரிச்சாங்க" என்றார் அக்கா. "நானும்தான் சிரிச்சேன். அதுக்கப்புறம் அசெம்பிளி லைன்லருந்து, பெயின்ட் செக்ஷன்லருந்து, யார் போன் பண்ணினாலும் 'இல்லத்தரசி இருக்காங்களா'ன்னுதான் கேக்கறாங்க. ரெண்டு பிள்ளைங்களைக் காலைல அவசர அவசரமா கிளப்பிவிட்டுட்டு, வீட்டைப் பூட்டிட்டு, இங்க வந்து ஒரு வேலை பாக்கணும்னு வந்தவ நான். அந்த வார்த்தையைச் சொன்னா மறுபடி சிரிப்பாங்கன்னு நாக்கு எழும்பல. ஒவ்வொரு தடவையும் இருக்கும், இருக்கும்னே சொல்லிப் பழகிட்டேன். இல்லாததை எல்லாம் ஃபார்ம்ல எழுதி அனுப்பிடுவேன். பேப்பர் சிரிக்காதுல்ல."

வெளியே யாரோ தள்ளுவண்டியை ஷெட்டின் இரும்புக் கதவில் இடித்து, பின்னால் இழுத்து, மறுபடி தள்ளிக்கொண்டு போனார்கள். பர்ச்சேஸ்காரர் வழக்கம்போல ஏதாவது சொல்ல வாயைத் திறந்தார். சொல்வதற்குத் தோதாக ஒன்று நாக்கின் நுனி வரை வந்தும்விட்டது. அதை விழுங்கினார். அவர் தன் ஜோக் ஒன்றை விழுங்கியது அநேகமாக அதுதான் முதல் தடவை.

தாளில் '5' என்று போட்டு ஒரு புள்ளி வைத்தார். அதற்கு மேல் ஓடவில்லை.

"அப்ப இதெல்லாம் என்னாலங்கறீங்களா? உங்க வாயால சொல்லுங்கக்கா. அப்படியே எழுதிக்கறேன்."

அப்படியெல்லாம் இல்லை தம்பி, விடுங்கள் என்று அக்கா சொல்லிவிடுவார் என்று அவர் பாதி எதிர்பார்த்தார். பத்தொன்பது வருடமாக யாரையும் கடிந்து பேசாத மனுஷி. அக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டு அவருக்கு நேர் எதிரே உட்கார்ந்து, அவர் கண்ணைப் பார்த்தார்.

"ஆமா, தம்பி. உங்களாலதான்."